மைனா வீட்டு நாற்காலி

நத்தைக்குத் தொழில் பல் செட் செய்வது. மருத்துவர்கள் அனுப்புகிற வாய் அச்சுகளை ஜன்னலோர மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு வடித்து, ஒவ்வொரு பல்லாகப் பதிப்பார். இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே விளக்கு, அதே சுழல் நாற்காலி. முன்பின் தெரியாத எத்தனையோ பேர் அவர் கைவேலையை வைத்துத்தான் சிரிக்கிறார்கள். ஆனால் தெருவில் எதிரே வந்தால் ஒருவருக்கும் அவரைத் தெரியாது.

அவரைத் தெரிந்தவர்கள் இருக்கிற இடம் கணினிக்குள் இருந்தது. ஒரு கம்பெனி நடத்துகிற மெய்நிகர் உலகம், அதில் நூற்றுச் சொச்சம் பேர் குடியிருக்கிற ஒரு தீவு. ஆளுக்கொரு பொம்மை உருவம், ஆளுக்கொரு மனை, மனையில் அவரவர் செய்து அடுக்கிய வீடு. சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் சேர்ந்தபோது வீட்டு இணையம் படு மந்தம். அவருடைய பொம்மை ஊர்ந்து ஊர்ந்து போனதைப் பார்த்து யாரோ நத்தை என்றார்கள். அப்புறம் இணையம் வேகமாகிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தத் தீவுக்குச் சனிக்கிழமைதோறும் காலையில் ஒரு செய்தித்தாள் வரும். எழுதுவது, படம் எடுப்பது, எல்லோருக்கும் அனுப்புவது எல்லாம் நத்தைதான். யார் புதிதாகக் குடிவந்தார்கள், யார் வீட்டுக்கு மாடி எழும்பியது, யாருக்கும் யாருக்கும் வேலித் தகராறு என்று ஒன்றுவிடாமல் இருக்கும். கடைசிப் பக்கம் புலம்பல் பக்கம். அப்டேட் வந்த நாளிலிருந்து என் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறது, சோபாவில் உட்கார்ந்தால் இடுப்பு வரைக்கும் தரைக்குள் போய்விடுகிறேன், தொப்பி தலைக்கு ஒரு முழம் மேலே தனியாக மிதக்கிறது என்றெல்லாம் ஜனங்கள் எழுதி அனுப்புவார்கள். நத்தை அதற்கு உப்பு காரம் சேர்த்துக் கம்பெனியை ஒரு பிடி பிடிப்பார். முக்கால்வாசிப் பேர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார்கள்.

பக்கத்து அறையில் அவர் மனைவி திரைச்சீலை தைக்கிறார். தையல் மெஷினின் சத்தம் நாள் முழுக்க இருக்கும், நடுநடுவே நின்று ஒரு வார்த்தை வரும். இல்லாத ஊருக்கு நிருபர் என்று கணவருக்கு அவர் பட்டம் கொடுத்திருந்தார். கோபமாகச் சொன்னதில்லை. ஒருவேளை பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கலாம், யார் கண்டது.

நத்தையிடம் ஒரு பழக்கம் உண்டு. பதினோரு வருடத்தில் அவர் தாளில் ஒரு திருத்தம்கூட வந்ததில்லை. தப்பே நேரவில்லை என்று அர்த்தமில்லை. யாராவது தப்பைச் சுட்டிக்காட்டினால், அடுத்த வாரம் சரியான தகவலைப் புதுச்செய்தி மாதிரி போட்டுவிட்டு, பழையதைக் கண்டுகொள்ளாமல் போய்விடுவார். பல் செட் தொழிலில் இப்படிச் செய்ய முடியாது. ஒரு பல் தூக்கலாக இருந்தால் மறுநாளே ஆள் வந்து வாயைத் திறந்து காட்டிவிடுவார். அந்தத் தொந்தரவு இல்லாத இடம் என்பதாலேயே அவருக்குத் தீவு பிடித்திருந்ததோ என்னவோ.

அவருடைய மனைக்கு அடுத்த மனை மைனாவுடையது. மைனா சரக்குக் கப்பலில் சமையல் செய்பவர். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதுதான் தீவுக்கு வருவார். தரையில் நிற்கிற வீடு என்று தனக்கு இருப்பது இது ஒன்றுதான் என்பார். அவருடைய மகள் வளர்ந்தது சித்தி வீட்டில். அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது அம்மா ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்தும் மகள் சித்தி வீட்டுக் கணினியிலிருந்தும் வந்து, இந்த வீட்டில் சந்தித்துக்கொள்வார்கள். வீடு முழுக்க மைனா செய்தது. சமையலறையில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் மகள் செய்தது.

அந்த நாற்காலி வந்தபோது நத்தை செய்தி போட்டார்: "மைனா வீட்டுச் சமையலறைக்கு ஒரு நாற்காலி வந்திருக்கிறது. செய்தவர் மகள், வயது பத்து. ஒரு கால் குட்டை. உட்காருபவர்கள் இடது கையால் எதையாவது பிடித்துக்கொள்ளவும்." தீவில் பாதிப் பேர் வந்து சாய்ந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மகளுக்குப் பதினாறு வயது ஆனபோது இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று சொல்லித் தன் கணக்கை மூடிவிட்டுப் போய்விட்டாள். கரைக்கு வரும்போதெல்லாம் மைனாவின் பொம்மை நேராகச் சமையலறைக்குப் போய் அந்த நாற்காலியில் சாய்ந்து உட்காரும். பேச்செல்லாம் அப்புறம்தான்.

இந்தத் தடவை ஏழு வாரமாக மைனாவைக் காணோம். ஒரு தகவலும் இல்லை. நத்தைக்கு மனசு கேட்கவில்லை. எதையாவது செய்தாக வேண்டும் என்று ஒரு விளக்கு செய்தார். நல்ல விளக்கு, அதில் சந்தேகமில்லை. ஒரு பீடம், ஒரு தண்டு, அதன்மேல் பூ விரிந்த மாதிரி முப்பத்திரண்டு கண்ணாடி இதழ்கள். அவர் கை எதைச் செய்தாலும் அந்தக் கணக்கில்தான் போய் நிற்கும். சனிக்கிழமைத் தாளோடு அந்த விளக்கை எல்லோருக்கும் இலவசமாக அனுப்பினார். மைனா வரும்வரை அவர் வாசலில் ஆளுக்கொரு விளக்கு வையுங்கள் என்று எழுதினார். புதன்கிழமை இரவுக்குள் இருபத்து மூன்று விளக்குகள் சேர்ந்தன. பார்க்க அவ்வளவு அழகு. நத்தை தன் பொம்மையை வாசலில் நிறுத்திவிட்டு, பல் பதிப்பதை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை மாலை மைனா வீட்டு வெளிவாசல் கதவைக் காணோம். வெள்ளிக்கிழமை சுற்றுச்சுவர் போயிற்று.

தீவில் ஒரு விதி உண்டு. ஒரு மனையில் இரண்டாயிரம் பொருள்கள்தான் இருக்கலாம். ஒரு செங்கல் ஒரு பொருள், ஒரு கதவு ஒரு பொருள். அளவு மீறினால் தினமும் மாலை ஆறு மணிக்குக் கம்பெனியின் துப்புரவு நிரல் ஓடும், இருப்பதிலேயே பழைய பொருள்களாகப் பார்த்து நூறு வரைக்கும் எடுத்துவிடும். எடுத்தது அதைச் செய்தவரின் கணக்கில் இருக்கிற பைக்குத் திரும்பிப் போகும். இந்த விதியை ஆறு வருடத்துக்கு முன்னால் தீவுக்கு விளக்கிச் சொன்னதே நத்தைதான். அதனால் அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மைனாவின் வீடு மொத்தம் ஆயிரத்து நானூறு பொருள். விளக்கு இருபத்து மூன்று. இரண்டாயிரத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆகவே தப்பு கம்பெனியுடையது. அவருக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை புலம்பல் பக்கம் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. கடலில் இருக்கிறவள் வீட்டைக் கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறது என்று எழுதினார். ஆள் இல்லாத வீடு என்றால் அவ்வளவு இளக்காரமா என்று கேட்டார். தாள் போன ஒரு மணி நேரத்தில் தீவே கொதித்தது. கடுகு என்று ஒரு அம்மாள் உண்டு, நிஜத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் மைனா வாசலில் கூட்டி, இதுவரை விளக்கு வைக்காதவர்கள் எல்லாரும் இப்போது வைக்க வேண்டும், அதுதான் கம்பெனிக்குப் பதில் என்றார். விளக்குகள் நாற்பது ஆயின. அன்று மாலை ஆறு மணிக்குக் கூடத்துச் சுவர் போயிற்று. திங்கட்கிழமை கூரை. செவ்வாய்க்கிழமை மாடிப்படியும் சமையலறை அலமாரியும். நத்தை கம்பெனிக்குக் காரசாரமாகப் புகார் எழுதிப் போட்டிருந்தார்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதில் வந்தது. எழுதியிருந்தது யாரோ ஒரு பணிவான குமாஸ்தா. தங்கள் விளக்கில் இதழ்களை ஒன்றாக இணைக்காமல் தனித்தனியாக விட்டிருக்கிறீர்கள், ஆகவே ஒவ்வொரு விளக்கும் முப்பத்து நான்கு பொருளாகக் கணக்கில் வருகிறது என்று விளக்கியிருந்தார். இணைத்தால் ஒரே பொருளாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார். தங்கள் செய்தித்தாளை நாங்களும் விரும்பிப் படிக்கிறோம் என்று கடைசியில் ஒரு வரி.

நத்தைக்குக் காது சூடாயிற்று. இணைக்காமல் விட்டது மறதியால் இல்லை. இணைத்தால் முப்பத்திரண்டு இதழிலும் ஒரே மாதிரி ஒளி விழும், தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி விழும். அந்த அழகுக்காகத்தான் விட்டார். மைனா வீட்டைத் தின்றது கம்பெனி இல்லை, அவருடைய விளக்கு. அதுவும் அவரே கூப்பிட்டுக் கூப்பிட்டு வைக்கச் சொன்ன விளக்கு.

அவர் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தார். மைனா வீட்டில் எது எப்போது வந்தது என்பதற்கு உலகத்திலேயே ஒரே ஆதாரம் அதுதான். சமையலறை அலமாரிக்கு அடுத்து மூன்று ஜன்னல்கள். ஜன்னல்களுக்கு அடுத்து நாற்காலி. இன்று மாலை ஆறு மணிக்கு அது போய்விடும். மற்றதெல்லாம் மைனாவின் பைக்குப் போய்ப் பத்திரமாக இருக்கும், வந்ததும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். நாற்காலியைச் செய்தவள் கணக்கை மூடிவிட்டுப் போனவள். திரும்பிப் போக அதற்குப் பை இல்லை. எடுத்தால் எடுத்ததுதான்.

வைத்தவர்தான் விளக்கை எடுக்க முடியும், அல்லது வீட்டுக்காரர் எடுக்கலாம். நத்தை மறுபடி கணக்குப் போட்டார், இந்தத் தடவை சரியாக. ஒன்பது விளக்குகளை எடுத்தால் போதும். தன்னுடையதை உடனே எடுத்தார். இன்னும் எட்டுப் பேர். தீவுக்கு ஒரு வரி அனுப்பினால் எட்டுப் பேர் வரமாட்டார்களா? பகல் பதினொன்றரைதான் ஆகியிருந்தது.

அவர் எழுத உட்கார்ந்தார். விளக்குகளால் ஒரு சிறு சிக்கல் ஏற்பட்டிருக்கிறது என்று தொடங்கினார். சிறு சிக்கல் என்பது பொய்யாகத் தெரிந்தது. அடித்தார். கம்பெனியின் குழப்பமான கணக்கு முறையால் என்று தொடங்கினார். அந்தக் கணக்கு முறையை விளக்கியவரே அவர்தான், கடுகு சும்மா விடமாட்டார். அதையும் அடித்தார். நடுவில் ஒரு கீழ்த்தாடை செட்டுக்கு ஆறு பல் பதித்தார். திரும்பி வந்து, முதலில் மைனாவின் நலனைப் பற்றி இரண்டு வரி, அப்புறம் விளக்கின் அழகைப் பற்றி ஒரு வரி, அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வரலாம் என்று பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் வாக்கியத்தில் ஓர் இடத்தில் 'நான்' என்று வர வேண்டியிருந்தது. அதை எங்கே வைத்தாலும் தூக்கலாகவே நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி என்ன யோசனை என்று கேட்டார். ஒரு வாக்கியம் சரியா வரலை என்றார் நத்தை. மூன்று மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டார்.

"இன்னுமா அந்த ஒரு வாக்கியம்?"

"முடியப்போகுது."

ஐந்தரை மணிக்கு அது கிட்டத்தட்ட முடிந்திருந்தது. கவனக்குறைவு என்று போடுவதா, கவனிக்கத் தவறிவிட்டேன் என்று போடுவதா என்பதுதான் பாக்கி. முதல் வார்த்தை கொஞ்சம் கடுமை, இரண்டாவது கொஞ்சம் மென்மை. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது மணி ஆறு கடந்து ஏழு நிமிடம்.

தீவுக்குள் போனார். கூரையில்லாத சமையலறையில் ஜன்னல்கள் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. தரை மட்டும் இருந்தது. நாற்காலி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, ஒரு நிழல்கூட இல்லை.

அப்புறம் அவர் எழுதுவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தப்பு கம்பெனியுடையது அல்ல, என்னுடையது, என் விளக்கு ஒவ்வொன்றும் முப்பத்து நான்கு பொருள், இன்று மாலைதான் எனக்குத் தெரிந்தது, தயவுசெய்து எல்லோரும் எடுத்துவிடுங்கள். அனுப்பிவிட்டு மைனா வாசலில் நின்றார். பொம்மைகள் ஒவ்வொன்றாக ஓடி வந்தன. அரை மணி நேரத்தில் முப்பத்தொரு விளக்குகள் போய்விட்டன. முப்பத்தொன்று. தேவைப்பட்டது எட்டு.

எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். இந்தக் காலத்தில் யார் தன் தப்பை ஒத்துக்கொள்கிறார்கள் என்றார்கள். கடுகுகூடப் பெரிய மனசு என்று எழுதினார். நத்தைக்கு ஒவ்வொரு பாராட்டும் கூச்சமாக இருந்தது. மாலைதான் தெரிந்தது என்று கை தானாகவே எழுதிவிட்டது. எழுதிய பிறகு அதைத் திருத்த ஏனோ கை வரவில்லை. திருத்தம் போட்டுப் பழக்கமில்லாத கை.

பதினோரு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைனா வந்தார். துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கப்பல் வாரக்கணக்கில் வெளியே நின்றுவிட்டதாம், இணையம் சுத்தமாக இல்லையாம், அவ்வளவுதான் விஷயம். தாள்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். நத்தை போனபோது மைனாவின் பொம்மை பையிலிருந்து கூரையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் குரலில் பேசினார்கள். மைனாவின் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு கடையின் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது.

விளக்குப் படங்களைப் பார்த்தேன், அழகாக இருந்தது என்றார் மைனா. தனக்காக நாற்பது பேர் வந்து நின்றிருக்கிறார்கள் என்பதே போதும் என்றார். நாற்காலியைப் பற்றி அவராக ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க மனசுல வெச்சுக்காதீங்க நத்தை. தெரிஞ்ச உடனே சொல்லிட்டீங்க. வேற யாரா இருந்தா மறைச்சிருப்பாங்க."

பக்கத்து அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நத்தை மேசையில் இருந்த ஒரு மேல்தாடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையாட்டிவிட்டு விட்டுவிடலாம், பொம்மைக்குத் தலையாட்டுவதற்கு ஒரு பொத்தான்கூட இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் குமாஸ்தாவுக்கு மட்டும்தான் தெரியும், அவர் நல்ல மனிதர்.

"மைனா, எனக்குக் காலையில பதினோரு மணிக்கே தெரியும்," என்றார். "அடுத்தது நாற்காலிதான்னும் தெரியும். எட்டுப் பேர் வந்தாப் போதும்னும் தெரியும். நான் சாயங்காலம் வரைக்கும் அதை எப்படி எழுதுறதுன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

மெஷின் நின்றது. மைனா பக்கம் மின்விசிறி மட்டும் கேட்டது. நத்தை அவசர அவசரமாக, தன்னிடம் பழைய படங்கள் இருக்கின்றன, எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்த படங்கள், அளவு பிசகாமல் அதே மாதிரி செய்து தருகிறேன் என்றார். குட்டைக் காலைக்கூட அதே குட்டையில் செய்துவிட முடியும் என்றார். அது அவருக்கு முடியும்தான். ஒருவர் வாயிலிருந்து விழுந்த பல் மாதிரியே இன்னொன்று செய்து, அந்த ஆளின் மனைவிக்கே வித்தியாசம் தெரியாமல் பண்ணியவர்.

"வேண்டாம்," என்றார் மைனா. "அவ நேரா செய்யணும்னுதான் செஞ்சா. கோணலா வந்துடுச்சு. நீங்க கோணலா செய்யணும்னு செய்வீங்க."

நத்தை கையிலிருந்த மேல்தாடையை மேசையில் வைத்தார். மைனாவே தொடர்ந்து பேசினார். அவளிடம் சொன்னால் எந்த நாற்காலி என்று கேட்பாள், அவளுக்கு ஞாபகம்கூட இருக்காது, எனக்குத்தான் அது வேண்டியிருந்தது என்றார். கோபமாக இருக்கிறீர்களா என்று நத்தை கேட்டார். ஆமாம் என்றார் மைனா, சாதாரணமாக. கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் போய்விடும் என்றார். பிறகு, கப்பலுக்குத் திரும்ப நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அவருடைய பொம்மை கூரை பாதி வைத்த சமையலறையில் மறைந்தது.

நத்தை திரும்பியபோது மனைவி கையில் அளவு நாடாவோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"அன்னைக்கு அந்த ஒரு வாக்கியம்னீங்களே, இதுவா?"

நத்தை ஆமாம் என்றார். மனைவி ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அந்தச் சனிக்கிழமைத் தாளில் புலம்பல் பக்கம் இல்லை. தொப்பி இன்னும் மிதக்கிறது என்று நான்கு பேர் எழுதியிருந்ததை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்திருந்தார். அந்த இடத்தில், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, திருத்தம் என்று தலைப்புப் போட்டு இப்படி இருந்தது:

"விளக்குகளைப் பற்றி மாலையில்தான் தெரிந்தது என்று எழுதியிருந்தேன். அது பொய். காலை பதினோரு மணிக்கே தெரியும். அப்போதே சொல்லியிருந்தால் மைனா வீட்டு நாற்காலி இருந்திருக்கும். அந்த ஏழு மணி நேரமும் நான் என்னைப் பற்றி ஒரு வாக்கியத்தை அழகு பண்ணிக்கொண்டிருந்தேன். நாற்காலி இனி இல்லை. நான் செய்து கொடுக்கவும் முடியாது."

வழக்கமாகத் தாள் போன பத்தாவது நிமிடத்தில் பதில்கள் வந்து குவியும். அன்று மத்தியானம் வரைக்கும் ஒன்றுகூட வரவில்லை. யாரும் பெரிய மனசு என்று சொல்லவில்லை. நத்தை இரண்டு மேல்தாடையும் ஒரு கீழ்த்தாடையும் முடித்தார். மூன்று மணிக்கு ஒரே ஒரு பதில் வந்தது. அடுத்த துறைமுகத்திலிருந்து மைனா எழுதியிருந்தார்.

"படிச்சேன். அடுத்த மாசம் முதல் ஞாயிறு கரையில இருப்பேன், வீட்டுக்கு வாங்க. சமையலறையில உக்கார ஒண்ணும் போடப்போறதில்ல. நின்னுக்கிட்டே பேசலாம்."